அரவைக் காலத்துல போன குரல்

எனக்குப் பேச்சு கம்மி. வூட்ல கேட்டா ‘ம்’. வெளிய கேட்டா ‘ஆமாங்க’. நான் ஜாஸ்தியா வாயத் தொறந்தது மாட்டுகிட்டதான். அதனால என் குரல் போனதை மொதல்ல கண்டுபிடிச்சது மனுசங்க இல்ல. மாடுங்க.

நான் ஏழுமலை. கரும்பு வண்டி ஓட்டுறவன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு டயர் வண்டியில கரும்பு ஏத்திக்கினு போவேன். ஒரு ஜோடி மாடு. ஒண்ணு செவலை, ஒண்ணு மயிலை. செவலைக்கு வலது கொம்பு நுனி ஒடஞ்சிருக்கும். வண்டிக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் மாட்டைக் கூப்புடுற சத்தம் தனி. என்னுது மொதல்ல ஒரு நீட்டு, பின்னால ரெண்டு வெட்டு. என் மாடு அதுக்குத்தான் இழுக்கும், அதுக்குத்தான் நிக்கும். தார்க்குச்சி நான் வெச்சிக்கினது இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். முன்னால மாடு இல்லாம அந்தச் சத்தத்தைப் போடக் கூடாது. எங்க ஆளுங்ககிட்ட அப்படி ஒரு வழக்கம். மாட்டைப் பறிகுடுத்தவன்தான் வெறும் எடத்தைப் பாத்துக் கூப்புடுவான். வெளையாட்டுக்குக்கூட நாங்க போட மாட்டோம்.

அந்த வருசம் கரும்பு அரவைக்கு ஆலை வாசல்ல வண்டி வரிசை நீண்டு போயிருந்துச்சு. பனி, கரும்புச் சோகைத் தூசி, டிராக்டர் பொகை. சளி புடிச்சுது. ஜுரம் வந்துச்சு. குரல் கம்மிப்போச்சு. பக்கத்து ஊரு டாக்டர் ஊசி போட்டுட்டு, “சளி போற வரைக்கும் தொண்டைக்கு ரெஸ்ட் குடு. பேசாத” அப்படின்னாரு.

சளி போற வரைக்கும்னுதான் டாக்டர் சொன்னாரு. என் வூட்டுக்காரி அஞ்சலை அதை நல்லா ஆவுற வரைக்கும்னு எடுத்துக்கினா. நான் வாயை அசைச்சா போதும், வந்து கையால பொத்துவா. மாட்டுகிட்ட போவ விடல. அதுங்களைப் பாத்தா நான் சத்தம் குடுப்பேனாம். அவ தம்பி சேகரு வண்டியை ஓட்டிக்கினு போனான். நான் சுக்குத் தண்ணி குடிச்சிக்கினு குந்தியிருந்தேன். சளி போச்சு. அதுக்கப்புறமும் பேசாமத்தான் இருந்தேன். எனக்கு அது ஒண்ணும் கஷ்டமா இல்ல.

ஒரு நாள் காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன். மயிலை தலையைத் தூக்கிப் பாத்துச்சு. சத்தம் குடுத்தேன். வரல. காத்து மட்டும் வந்துச்சு. மறுபடியும் குடுத்தேன். மாடு ரெண்டும் என்னைப் பாத்துக்கினே நின்னுச்சுங்க. கிட்ட வரல.

அஞ்சலை வாசல்ல நின்னு பாத்துட்டா. “இன்னாய்யா, வாய் அசையுது, சத்தத்தைக் காணோம்?”

நான் தொண்டையைக் காட்டினேன். அவ மொகம் மாறிப்போச்சு.

நான் பீடி குடிக்கிறவன். அதனால எல்லாருக்கும் ஒரே நெனப்புதான். யாரும் அந்த நோய் பேரைச் சொல்லல. பீடிக் கட்டை மட்டும் யாரோ மாடத்துலருந்து எடுத்துட்டாங்க. எங்க தெருவுல ஒருத்தரு தொண்டையில ஓட்டை போட்டுக்கினு கொஞ்ச நாளு இருந்துட்டுப் போனவரு. நான் அவரு பொணத்தைத் தூக்கினவன். அந்த ஓட்டையை நான் பாத்திருக்கேன்.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில காது மூக்கு தொண்டை டாக்டர் கண்ணாடியை வுட்டுப் பாத்தாரு. சேலத்துக்கு எழுதிக் குடுத்தாரு. சேலத்துல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில சேத்தாங்க.

அங்க மூக்கு வழியா ஒரு டியூப்பை வுடுவாங்க. மண்புழு தடிமன். நுனியில கேமரா. மரத்துப்போற மருந்து அடிச்சுட்டுத்தான் வுடுறாங்க, ஆனாலும் கண்ணுல தண்ணி வரும். பக்கத்து டிவியில நம்ம தொண்டை தெரியும். உள்ள ரெண்டு வெள்ளை நாடா. அதுதான் குரல் நாண். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்து அதிர்ந்தாத்தான் சத்தம்.

“ஈ சொல்லுங்க.”

சொன்னேன். நாடா ரெண்டும் கிட்ட வந்துச்சு. சேரல. நடுவுல சந்து. அது வழியா காத்துப் போச்சு.

“இருமுங்க.”

இருமினேன். பட்டுனு சேந்துச்சு. டாக்டர் டிவியையே பாத்துக்கினு இருந்தாரு. ஒரு ஓரத்துல செவப்பா இருக்கு, கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்னாரு. அதுக்கு பயாப்ஸின்னு பேரு. முடிவு வர நாளாவும். அதுவரைக்கும் தலைக்கு ஸ்கேன், கழுத்துக்கு ஸ்கேன். ஒரு குழாய்க்குள்ள படுக்க வெச்சு உள்ள தள்ளினாங்க. அசையாதீங்கன்னாங்க. எனக்கு அசையணும்னே தோணல.

வார்டுல என் பக்கத்துக் கட்டில்காரரு நாமக்கல் பக்கம். அவருக்கு நெஜமாவே அந்த நோய். ராத்திரியெல்லாம் கொரட்டை வுடுவாரு. அந்தக் கொரட்டையைக் கேட்டு எனக்குப் பொறாமையா இருக்கும். சாவப்போற மனுசனுக்கு சத்தம் இருக்கு.

அஞ்சலை கட்டிலுக்குக் கீழ படுத்துக்குவா. கேன்டீன் இட்லியில பாதிய வெச்சுட்டு, “எனக்கு வேணாம்”னு சொல்லுவா. ஒரு நாள் சேகரு வந்தான். ரெண்டு பேரும் வராண்டாவுல நின்னு பேசினாங்க. அவன் கை வீசி வீசிப் பேசினான். அவ தலையை ஆட்டினா. அப்புறம் பில்லு கட்டற எடத்துக்குப் போயிட்டு வந்தா. நான் கையால கேட்டேன். “ஒண்ணும் இல்ல, படு”ன்னா.

பயாப்ஸி முடிவு வந்துச்சு. கேன்சர் இல்ல. நரம்புல கோளாறு இல்ல. சின்ன வயசு டாக்டர் ஒருத்தரு சிரிச்சிக்கினே வந்து சொன்னாரு. “உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இது மனசு சம்பந்தப்பட்டது. உங்க ஊருலயே கவுன்சிலிங் இருக்கு, எழுதித் தர்றேன்.”

அவரு சந்தோசமாத்தான் சொன்னாரு. ஆனா அந்த ‘ஒண்ணும் இல்ல’ மாதிரி ஒரு அடி நான் வாங்கினது இல்ல. நோய்க்கு ஒரு பேரு இருந்தா அதைத் தூக்கிக்கினு நடக்கலாம். எனக்கு அதுவும் இல்ல.

திரும்பி வர்ற பஸ்ல அஞ்சலை ஜன்னலைப் பாத்துக்கினு வந்தா. சின்னசேலம் தாண்டினதும் திடீர்னு திரும்பினா.

“நடிக்கிறியாய்யா?”

நான் அவளையே பாத்தேன்.

“ஒண்ணும் இல்லன்றாங்க. ஒண்ணும் இல்லாததுக்கா நான் மாட்டை...”

வாயைப் பொத்திக்கினா. இந்தத் தடவை அவ வாயை.

எனக்கு இருந்தது காத்துக் குரல்தான். காதுகிட்ட வெச்சுச் சொன்னாத்தான் கேக்கும். பஸ் இரைச்சல்ல அதுவும் கேக்கல. “மாட்டை இன்னா பண்ண?” மூணு நாலு தடவை கேட்டேன். அவ ஜன்னல் பக்கமே திரும்பிக்கினா. வூட்டுக்கு வந்ததும் நேரா மாட்டுக் கொட்டாய்க்குப் போனேன்.

கொட்டாய் காலி. மொளைக்குச்சி ரெண்டும் இருந்துச்சு. தண்ணித் தொட்டியில தண்ணி இருந்துச்சு.

சேகரு வந்தான். “மாமா, அதுங்க எனுக்கு மசியல. குச்சி போட்டாலும் நின்ன எடத்துலயே நிக்குது. பில்லு வேற கட்டணும். இன்னா பண்ணச் சொல்ற?” அவன் மேல தப்பு இல்ல. அஞ்சலை மேலயும் இல்ல. அதான் இன்னும் மோசம். திட்டறதுக்கு ஆளும் இல்ல, சத்தமும் இல்ல.

என் போனையும் அவன்தான் வெச்சிருந்தான். “பேசாத மனுசனுக்குப் போன் எதுக்கு மாமா?” வெளையாட்டாத்தான் சொன்னான். அஞ்சலை அவனை மொறைச்சா. போன் திரும்பி வரல.

அதுக்கப்புறம் நான் சோறு ஒழுங்கா தின்னல. தூக்கம் இல்ல. வயக்காட்டுப் பக்கம் போவேன். பாழுங்கெணறு ஒண்ணு கீது அங்க. அதும் ஓரமா குந்தியிருப்பேன். எதுக்குன்னு யாரும் கேக்கல. காத்து வாங்கப் போறான்னு நெனச்சாங்க. நான் பேசறவனா இருந்தா சொல்லியிருப்பனா? தெரியல.

சேலத்துல எழுதிக் குடுத்த சீட்டை எடுத்துக்கினு அஞ்சலைதான் கெளம்பினா. சேகரு, “அது பைத்தியத்துக்குப் பாக்குற எடம்கா”ன்னான். “நீ வண்டி ஓட்டின லட்சணத்துக்கு வாயை மூடு”ன்னு சொல்லிட்டு என்னை பஸ் ஏத்தினா.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில அந்த ரூம் கடைசியில இருக்கு. வாசல்ல மனநலப் பிரிவுன்னு போர்டு. பெஞ்சுல குந்தியிருக்கிறவங்க எல்லாரும் செவுத்தைப் பாத்துக் குந்தியிருந்தாங்க. தெரிஞ்சவங்க யாராவது போனா மொகம் தெரியக் கூடாதுன்னு. நானும் செவுத்தைப் பாத்துத் திரும்பிக்கினேன்.

உள்ள ஒரு பொம்பள. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கழுத்துல டாக்டர் மாட்டுற குழாய் இல்ல. மேஜைக்கு அந்தாண்டலருந்து எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில குந்தினாங்க.

“அண்ணா, நான் மாத்திரை எழுதுற டாக்டர் இல்ல. ஊசியும் போட மாட்டேன். மனசைப் பத்திப் படிச்சவ. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்லுவாங்க. கேக்கறது, பேசறது, பழக்கறது, இதுதான் என் வேலை. மாத்திரை வேணும்னா பக்கத்து ரூம்ல சார் இருக்காரு. ரெண்டு பேரும் சேந்துதான் பாப்போம்.”

அஞ்சலை உடனே ஆரம்பிச்சா. “மேடம், இவரு நடிக்கிறாரா?”

“நடிக்கிறவரு இப்படி எளைப்பாராக்கா?”

“அப்போ மனசுல இன்னாவோ மறைக்கிறாரு. என் தம்பி சொல்றான், எங்கயாவது சின்ன வூடு இருக்கும்னு.”

“அது இருந்தா குரல் ஜாஸ்தியாத்தான் வரும். பொய் சொல்லணுமில்ல?” மேடம் சிரிச்சாங்க. அஞ்சலைக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் மேடம் சொன்னாங்க, “எல்லாத்துக்கும் அடியில ரகசியம் இருக்கணும்னு இல்லக்கா. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நான் கூப்புடறேன்.”

அஞ்சலை போனதும் அவங்க பேசல. எல்லா டாக்டரும் எங்கிட்ட பேப்பரும் பேனாவும் நீட்டுவாங்க. நான் எட்டாவது. எழுத்து கூட்டி எழுதறதுக்குள்ள அவங்க அடுத்த ஆளைக் கூப்புட்டுடுவாங்க. இவங்க பேப்பர் நீட்டல. சும்மா குந்தியிருந்தாங்க. பேன் சுத்திக்கினு இருந்துச்சு. வெளிய யாரோ டோக்கன் நம்பரு கூப்புட்டாங்க. அவங்க கடியாரத்தைப் பாக்கல.

அப்புறம் மெதுவா, “அண்ணா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?”

யாரும் கேக்காத கேள்வி. சோறு கேக்கற மாதிரி கேட்டாங்க. நான் தலையை ஆட்டினேன். ஆமான்னு.

அவங்க பதறல. “எப்போலருந்து?” கேட்டாங்க. எங்க போய்க் குந்துறேன்னு கேட்டாங்க. காத்துக் குரல்லயே சொன்னேன். காதை என் பக்கம் சாய்ச்சு, நான் முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சு என் வாயிலருந்து அவ்வளவு பேச்சு வந்தது அன்னிக்குத்தான். அப்புறம், “இதை அக்காகிட்ட சொல்லணும்ணா. நான் மறைக்க மாட்டேன். உங்க எதிர்லயே சொல்றேன்” அப்படின்னாங்க.

அஞ்சலை உள்ள வந்து எல்லாத்தையும் கேட்டுக்கினா. அழல. என் கையைப் புடிச்சா. வளையல் அழுந்துச்சு.

இவரைத் தனியா விடாதீங்க, வயலுக்கு அடிக்கிற மருந்து வூட்ல இருக்கக் கூடாது, தோணுச்சுன்னா எந்நேரமும் போன் பண்ணுங்கன்னு மேடம் நம்பரை ஓ.பி. சீட்டு மேலயே பெருசா எழுதிக் குடுத்தாங்க. பக்கத்து ரூம் சார் தூங்கறதுக்கும் மனசு எழறதுக்கும் மாத்திரை எழுதினாரு.

என் நோய்க்கு அன்னிக்குத்தான் ஒரு பேரு கெடைச்சுது. ஃபங்ஷனல். அப்படின்னா உறுப்பு நல்லா இருக்கு, அதோட ஓட்டம்தான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். மேடம் வெளக்கமா சொன்னாங்க. “எங்க கல்வராயன் மலையில மழைக்கு மண்ணு சரிஞ்சா பஸ்ஸு சுத்துப் பாதையில போவும். அப்புறம் ரோட்டைச் சரி பண்ணிடுவாங்க. ஆனாலும் டிரைவர் கை கொஞ்ச நாளு சுத்துப் பாதைக்கே திரும்பும். சளி வந்தப்ப உங்க தொண்டை சுத்துப் பாதைக்குப் போச்சு. ரொம்ப நாளு பேசாம இருந்ததுல அதே பழகிடுச்சு. ரோடு நல்லாத்தான் இருக்கு. இருமினா சேருதே.”

அஞ்சலை, “நான்தான் வாயைப் பொத்தினேன்”னா.

“நீங்க அக்கறையில பொத்தினீங்க. இப்போ எடுத்துடுங்க, அவ்வளவுதான்.”

பழக்கம் குடுத்தாங்க. தண்ணியில ஸ்ட்ராவை வெச்சு குமிழி விடணும். வாயை மூடிக்கினு ‘ம்’ன்னு அதிர வைக்கணும். இருமி, அந்த இருமலோட வாலைப் புடிச்சு நீட்டணும். விழுப்புரத்துல பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்ககிட்ட போன்ல கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாங்க. வாரா வாரம் போனேன். குமிழி வந்துச்சு. இருமல் வந்துச்சு. குரல் வரல.

ஒரு வாரம் அவங்களுக்கு மலை ஆஸ்பத்திரியில டூட்டி. எங்களை அங்கயே வரச் சொன்னாங்க. கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினோம். வளைவுல அஞ்சலைக்கு வாந்தி. வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பலாமரத்தடியில நாற்காலி போட்டுக் குந்தியிருந்தாங்க. மலை ஜனங்க சுத்தி நின்னுக்கினு, “பாப்பா, பாப்பா”ன்னு கூப்புட்டாங்க. அவங்க ஊரே அதுக்குப் பக்கம்தானாம்.

அஞ்சலை கேட்டா. “இவ்ளோ படிப்பு இருக்க, இந்தப் படிப்பை ஏன் மேடம் படிச்சீங்க?”

“நர்சிங்தான் கேட்டேன்கா. சீட்டு கெடைக்கல. சைக்காலஜியில காலி இருந்துச்சு. என்ன படிப்புன்னே தெரியாமச் சேந்தேன். எங்கப்பா புளி மூட்டை தூக்கிக்கினு கீழ வந்து ஃபீஸ் கட்டுவாரு. அவருக்கும் தெரியாது. மேல படிச்சு எம்ஃபில்லுக்குப் போனேன். அது ரெண்டு வருசம் மனநல ஆஸ்பத்திரியிலயே இருந்து படிக்கிறது. அங்க எங்க பெரிய மேடம் மொதல்ல என்னைப் பேசவே விடல. வர்றவங்க பக்கத்துல குந்து, அவங்க முடிக்கிற வரைக்கும் வாயைத் தொறக்காதன்னாங்க. அதுதான் கஷ்டம். எனக்கு வாய் ஜாஸ்தி.” சிரிச்சாங்க. “ஊசி போடாதவ டாக்டரான்னு எங்க ஊருலயே இன்னும் கேக்கறாங்க. ஆனா வந்து குந்தறாங்க.”

அப்புறம் எங்கிட்ட திரும்பினாங்க. “அண்ணா, மாட்டை எப்படிக் கூப்புடுவீங்க? அதைப் போட்டுப் பாப்போமா? அது பேச்சு இல்ல. தொண்டை அதுக்குப் பயப்படாது.”

நான் தலையை ஆட்டினேன். வேணாம்னு.

அஞ்சலை கெஞ்சினா. “போடுய்யா. அதான் வித்தாச்சில்ல, இன்னும் இன்னா?”

வித்ததாலதான் போட முடியல. கண்ணு முன்னால மாடு இல்ல. அந்தச் சத்தத்தைப் போட்டா அதுங்க எனக்குச் செத்த மாதிரி. அதைக் காத்துக் குரல்ல மேடத்துக்குச் சொன்னேன். மூட நம்பிக்கைன்னு சொல்லுவாங்கன்னு பாத்தேன்.

“சரிண்ணா. அப்போ வேணாம்” அப்படின்னாங்க. மறுபடியும் அதைக் கேக்கவே இல்ல.

பஸ்ல அஞ்சலை என்னைத் திட்டிக்கினே எறங்கினா. அவ திட்டறது எனக்கு நல்லா இருந்துச்சு. திட்டற ஆளுகிட்ட நம்பிக்கை இருக்கு. ஆனா எனக்குள்ள அது தீந்துபோச்சு. அரவை முடியப் போவுது. மாடு இல்ல, குரல் இல்ல. குமிழி வுட்டுக்கினு எத்தினி நாளு குந்தறது? இன்னும் ஒரே தடவை போயி, போதும்னு மேடத்துகிட்ட சொல்லிட்டு வந்துடலாம்னு முடிவு பண்ணேன். அதுக்கப்புறம் இன்னா பண்ணுவேன்னு நான் யோசிக்காம இருந்தேன். யோசிச்சா தெரிஞ்சுடும்.

நான் கெளம்பின அன்னிக்கு அஞ்சலைக்குக் கரும்பு வெட்டு. போவலன்னா மேஸ்திரி வேற ஆளு வெச்சுக்குவான். அவளே பஸ்ல ஏத்திவுட்டு, கண்டக்டருகிட்ட, “இவரைக் கள்ளக்குறிச்சியில ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி விடுண்ணா. நடுவுல எங்கயும் எறங்க விடாத” அப்படின்னு சொன்னா. ரெண்டு தடவை சொன்னா.

சங்கராபுரத்துக்கு முன்னாலயே பஸ் நின்னுடுச்சு. வரிசையா வண்டி. ஆரன் அடிக்கிறாங்க. முன்னால கரும்பு வண்டி ஒண்ணு பள்ளத்துல எறங்கி சாய்ஞ்சிருக்குன்னாங்க. நான் எட்டிப் பாத்தேன். பாரம் ஒரு பக்கம் சரிஞ்சு கெடக்கு. ஒரு மாடு முட்டி போட்டுடுச்சு. ஓட்டறவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். குச்சியால குத்துறான். அது எழல. பக்கத்து மாடு நுகத்தடியைத் தூக்க முடியாம கழுத்து முறுக்கிக்கினு நிக்குது.

விழுந்த மாட்டுக்கு வலது கொம்பு நுனி இல்ல.

கண்டக்டர், “யோவ், எறங்காதய்யா, உன் சம்சாரம் என்னைக் கொன்னுடும்”னு சட்டையைப் புடிச்சாரு. சட்டை கிழிஞ்சுது. நான் ஓடினேன். செவலை பின்தொடையில ரத்தம். வாயில நுரை. அந்த வண்டிக்காரத் தம்பி மறுபடியும் குச்சியை ஓங்கினான்.

நான் எதையும் நெனைக்கல. முன்னால போயி நின்னேன். மாடு முன்னால இருந்துச்சு.

ஒரு நீட்டு. ரெண்டு வெட்டு.

ரோடு பூரா கேட்டுச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. எனக்கு என் சத்தமே யாரோடதோ மாதிரி இருந்துச்சு. செவலை காதைத் திருப்புச்சு. மயிலை கழுத்தை இறக்கி நுகத்தை வாங்கிச்சு. இன்னொரு தடவை போட்டேன். செவலை முன்னங்காலை ஊனி எழுந்துச்சு. ஜனங்க பின்னால தள்ளினாங்க. வண்டி மேல ஏறிச்சு.

அந்தத் தம்பி குச்சியைக் கீழ போட்டுட்டு, “யாருண்ணா நீ?”ன்னான்.

“இதுங்களை வளத்தவன்” அப்படின்னேன். கரகரன்னு, துருப்புடிச்ச கதவு மாதிரி வந்துச்சு. ஆனா வந்துச்சு. அப்படியே ரோட்டோரம் குந்திட்டேன்.

மாடு எனக்குத் திரும்பி வரல. அது வெலைக்கு வாங்கின அந்தத் தம்பியோடதுதான். இப்போ அரவைக்கு அவன் வண்டியை நான் ஓட்டறேன், கூலிக்கு. குரலும் ஒரேயடியா வந்துடல. பல நாளு காலையில காணாமப் போவும், மத்தியானம் வரும். இருமி, இழுத்து, ‘ம்’ போட்டு மறுபடியும் கூட்டிக்கினு வரணும். ஆஸ்பத்திரிக்கு இன்னும் போறேன். மாத்திரை இன்னும் இருக்கு. இப்போ அந்த பெஞ்சுல செவுத்தைப் பாத்துக் குந்தறது இல்ல. எழுத்து கூட்டியாவது இதை எழுதச் சொன்னதும் மேடம்தான். புதுசா வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டவாம்.

ரோட்டுல சத்தம் குடுத்த அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரல. பஸ் போயிடுச்சு. மேடம் எனக்காகக் காத்துக்கினு இருப்பாங்கன்னு நெனப்பு வந்துச்சு. வரலன்னா இன்னா நெனைப்பாங்கன்னும் தெரியும். பாக்கெட்டுல ஓ.பி. சீட்டு இருந்துச்சு. அந்தத் தம்பிகிட்ட போனை வாங்கி அடிச்சேன்.

“ஹலோ, யாருங்க?”

“ஏழுமலைங்க.”

“எந்த ஏழுமலை?”

எத்தினி வாரம் என் பக்கத்துல காதைச் சாய்ச்சு வெச்சுக்கினு குந்தியிருந்தவங்க. என் குரலை அவங்க கேட்டதே இல்ல.

“பேசாத ஏழுமலைங்க” அப்படின்னேன்.

அந்தாண்ட ஒரு சத்தமும் இல்ல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. நான் அவசரப்படுத்தல. போனைக் காதுல வெச்சுக்கினு, அவங்க பேசற வரைக்கும் காத்துக்கினு இருந்தேன்.